எந்த வேலைக்கு எந்த அற்றோணித் தத்துவம்?

“பவர் ஒண்டு எழுத வேணும்” என்று சொல்லி நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் உட்காருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது “எதுக்கு?” என்பதே. வருகிறவர்களில் அநேகர் “ஆருக்கு” என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் வருகிறார்கள். மூத்த மகன், தங்கையின் கணவர், பக்கத்து வீட்டில் முப்பது வருடம் இருந்த மாஸ்டர் என்று ஆளைத் தெரிந்தெடுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணி, ஏற்கெனவே தட்டச்சிட்டு வைத்திருக்கும் பொதுத் தத்துவம் ஒன்றின் அடியில் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். அதிலே வீட்டை விற்பது முதல் வங்கிக் கணக்கை மூடுவது வரை எல்லா அதிகாரமும் இருக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்ததோ மாதா மாதம் வாடகை வாங்க ஓர் ஆள். வேலைக்குத் தேவையானதற்கு மேல் துளி அதிகாரமும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கடதாசி இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று பிரிந்துபோனவர்கள் இங்குள்ள வீடுவாசலைப் பெற்றோர், சகோதரர் கையில் ஒப்படைத்துத்தான் போனார்கள். இன்று அது எதிர்த்திசையிலும் நடக்கிறது. காலி வீதியின் கடற்பக்க ஒழுங்கைகளில் தொடர்மாடி வீடுகளில் தனியே இருக்கும் எண்பது வயதுத் தாய்மார், விடுமுறைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் பாசம் இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது. ஆகவே யாரும் வாசகத்தை வாசிப்பதில்லை.

சட்டம் பழையது. 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அற்றோணித் தத்துவங்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. காணி மோசடிகளைத் தடுக்கும் நோக்கத்தோடு 2022இல் அது திருத்தப்பட்டது. நொத்தாரிசுகளுக்கான சட்டமும் மோசடிகள் தடுப்புச் சட்டமும் அதே வேளையில் திருத்தப்பட்டன. அதனால், 2005இல் அண்ணருக்கு எழுதிய பிரதியைக் கொண்டுவந்து “இதே மாதிரி எழுதித் தாங்கோ” என்று கேட்பது இன்று சரிவராது. 2022க்கு முன் எழுதிய தத்துவம் ஒன்று கையில் இருந்தால், அதை வைத்து ஏதும் செய்ய முன்னர் ஒரு நொத்தாரிசிடம் காட்டி, அது இப்போதும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற்படி, வேலையை ஒரு வசனத்தில் எழுதிப் பார்ப்பது. “வெள்ளவத்தை பிளாட்டை வாடகைக்குக் கொடுத்துக் காசு வாங்க வேணும்.” “யாழ்ப்பாணத்துக் காணியில் என் பங்கைத் தம்பிக்கு விற்க வேணும்.” “நான் சென்னையில் நிற்கும் மூன்று மாதத்தில் கடைக்கு வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவிக்க வேணும்.” இப்படி ஒரு வசனத்தில் அடங்கினால் உங்களுக்குத் தேவைப்படுவது விசேட அற்றோணித் தத்துவம். ஒரு வசனத்தில் அடங்காமல், “நான் இல்லாத நேரத்தில் என் சார்பில் எல்லாம்” என்று வந்தால் மாத்திரம் பொது அற்றோணித் தத்துவத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அந்த “எல்லாம்” எவை என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். பிரித்து எழுதுகையில் பாதிப்பேருக்கு இரண்டு விசேடத் தத்துவங்கள் போதும் என்று தெரிந்துவிடும்.

விசேடத் தத்துவத்தின் உயிர் அதன் வாசகத்தில் இருக்கிறது. வாடகைக்கானது ஏறத்தாழ இப்படி அமையலாம்: “கொழும்பு 06இல் அமைந்ததும் கீழே அட்டவணையில் விவரிக்கப்பட்டதுமான மாடிவீட்டை, ஒரு தடவையில் ஓராண்டுக்கு மேற்படாத காலத்துக்கு, மாதம் இத்தனை ரூபாவுக்குக் குறையாத வாடகைக்குக் குத்தகை கொடுப்பதற்கும், அக்குத்தகை உறுதியில் கையொப்பமிடுவதற்கும், வாடகையையும் முற்பணத்தையும் பெற்று எனது பெயரிலுள்ள இன்ன வங்கிக் கணக்கில் வைப்பிலிடுவதற்கும், குத்தகை முடிவில் வீட்டின் உடைமையை மீளப்பெறுவதற்கும்.” இதில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதி முடிக்கப்பட வேண்டும். “வாடகைக்கு விட” என்று மட்டும் எழுதிக் குத்தகை உறுதியில் கையொப்பமிடும் அதிகாரத்தை எழுதாமல் விட்டால், வாடகைக்காரர் வந்து நிற்கும் நாளில் அற்றோணி, அதாவது நீங்கள் நியமித்தவர், கையைப் பிசைய வேண்டிவரும். காசு எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று எழுதிவிட்டால், பின்னால் அண்ணன் தங்கைக்கிடையில் வரும் மனக்கசப்பில் பாதி வராமலே போகும். “உடைமையை மீளப்பெறுதல்” இல்லாவிட்டால் வீட்டை விடாத வாடகைக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கவும் அற்றோணி தடுமாறுவார்.

நீதிமன்றங்கள் தத்துவங்களை இறுக்கமாகவே வாசிக்கின்றன. விற்கும் அதிகாரத்துக்குள் நன்கொடை கொடுக்கும் அதிகாரம் அடங்காது. குத்தகை கொடுக்கும் அதிகாரத்துக்குள் ஈடு வைக்கும் அதிகாரம் அடங்காது. கடைசியில் “மற்றும் தேவையான அனைத்துக் காரியங்களையும்” என்று எழுதிவிட்டால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன காரியங்களை நிறைவேற்றத் துணையானவைக்குத்தான் அந்தச் சொற்கள் இடம் கொடுக்கும்.

பொதுத் தத்துவம்தான் பொருந்தும் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. அது வழக்கு. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்று ஐந்து சகோதரர்களுக்குப் பிரிபடாமல் கிடக்கிறது, மூவர் வெளிநாட்டில், பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 25ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் நியாயாதிக்க எல்லைக்கு வெளியே வசிக்கும் ஒருவரின் பொது அற்றோணித் தத்துவத்தை வைத்திருப்பவரை அவருடைய அங்கீகரிக்கப்பட்ட முகவராக ஏற்கிறது. நீதிமன்றில் தோன்றவும் செயற்படவும் அந்தத் தத்துவமே அதிகாரம் அளித்திருக்க வேண்டும். அதன் மூலமோ உறுதிப்படுத்திய பிரதியோ வழக்கில் கோவைப்படுத்தப்பட வேண்டும். ஆகவே வழக்கு வரக்கூடும் என்று தெரிந்தால் புதுக்கடை நீதிமன்றத்தில் உங்கள் வழக்கைப் பேசப்போகும் சட்டத்தரணியிடமே வாசகத்தைக் காட்டிவிடுங்கள். தத்துவம் இருக்கிறது என்பதற்காக அற்றோணி உங்களுக்குப் பதிலாகச் சாட்சியம் சொல்ல முடியாது. தான் கண்டதையும் அறிந்ததையும் மட்டுமே அவர் சத்தியக்கடதாசியில் எழுதலாம்.

வங்கிக் காரியம் தனிப்பாதை. பணம் எடுக்கவும் காசோலையில் கையொப்பமிடவும் ஓர் ஆளை நியமிக்க வங்கிகளிடம் சொந்தப் படிவங்கள் உண்டு. அது மட்டுமே தேவை என்றால் நொத்தாரிசிடம் போக முன் வங்கிக் கிளைக்குப் போங்கள். தத்துவத்தோடு போனாலும் பல வங்கிகள் தங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பிப் பார்த்த பிறகே ஏற்கும்.

இன்னொரு வகையைப் பற்றி எனக்குப் பெருங்கவலை. வெள்ளவத்தையில் பழைய தனிவீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுவது அன்றாடக் காட்சி. காணிச் சொந்தக்காரர் காணியைக் கொடுப்பார், கட்டுநர் முதலைப் போடுவார், முடிவில் சொந்தக்காரருக்கு இத்தனை வீடு, கட்டுநருக்கு இத்தனை வீடு என்பது பேச்சு. அப்போது கட்டுநர் “திரும்பப்பெற முடியாத” அற்றோணித் தத்துவம் ஒன்றைக் கேட்பார். அவரும் பெருந்தொகை போடுகிறார், நடுவழியில் சொந்தக்காரர் மனம் மாறினால் என்ன செய்வது என்பது அவருடைய நியாயம். ஆனால் காணி முழுவதையும் விற்கவும் ஈடு வைக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டால், கட்டடம் பாதியில் நிற்கும்போது சொந்தக்காரர் தெருவில் நிற்பார். வரைபடங்களுக்கும் விண்ணப்பங்களுக்கும் கையொப்பமிடும் அதிகாரத்தை முதலில் கொடுக்கலாம். விற்கும் அதிகாரத்தை, கூட்டு ஆதன வரைபடம் பதிவான பின்னர், கட்டுநரின் பங்குக்கு விழுந்த வீடுகளுக்கு மட்டும், அவற்றின் இலக்கங்களைக் குறிப்பிட்டு வேறொரு தத்துவத்தில் கொடுக்கலாம். ஈடு வைக்கும் அதிகாரத்தைக் கூடுமானவரை மறுத்துவிடுங்கள். இந்த ஒரு கடதாசிக்காக, கட்டுநர் காட்டும் சட்டத்தரணியை விட்டு, உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

வகை முடிவானதும் உங்கள் உரிமையைச் சரிபாருங்கள். உங்களிடம் இல்லாததை அற்றோணிக்குக் கொடுக்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம். அவர் தேசவழமைக்கு உட்பட்டவராக இருக்கும்வரை, காணி கொழும்பில் இருந்தாலும் அந்தச் சம்மதம் வேண்டும். மனைவி தத்துவம் எழுதும்போதே கணவனின் சம்மதத்தையும் எழுதி வாங்காமல் விட்டு, விற்பனை நாளில் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துத் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், இங்குள்ள உறவினரின் கையால் காணி வாங்கலாம் என்று நினைப்பதும் தவறு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் கட்டுப்பாடுகள் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது, தொடர்மாடி வீடு போன்ற சில விலக்குகளோடு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நிலை வேறு.

அடுத்தது ஆள். இருவரை நியமித்தால் “சேர்ந்து” செயற்பட வேண்டுமா, “சேர்ந்தோ தனித்தோ” செயற்படலாமா என்று எழுதுங்கள். விற்பனைக்குச் சேர்ந்து, வாடகைக்குத் தனித்து என்று பிரித்தும் எழுதலாம். தனக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும் அதிகாரத்தை அற்றோணிக்குக் கொடுக்கும் வரி பல மாதிரிப் பிரதிகளில் தானாகவே இருக்கும். வெட்டிவிடச் சொல்லுங்கள். நீங்கள் நம்பியது அவரை, அவர் நம்புகிற இன்னொருவரை அல்ல. அற்றோணி அந்த ஆதனத்தைத் தன் பெயருக்கோ தன் மனைவி பெயருக்கோ எழுதக்கூடாது என்றும், விற்பதாயின் இன்ன விலைக்குக் குறையக் கூடாது என்றும், தத்துவம் இன்ன தேதியோடு முடியும் என்றும் எழுதுவதில் யாருக்கும் அவமானமில்லை. நல்ல மகன் இதற்குக் கோபிக்க மாட்டான். நாளைக்கு மற்றச் சகோதரர்கள் கேள்வி கேட்கும்போது அவனைக் காப்பாற்றுவதும் அந்த வரிகள்தான்.

இனி நொத்தாரிசின் மேசை. தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, ஆதனத்தின் உறுதி, நில அளவைப் படம், அற்றோணியின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்து வைப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நிற்கிற ஆட்டோக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற அலுவலகத்தில் எழுதாதீர்கள். நொத்தாரிசுகளுக்கு அனுமதி மொழிவாரியாக வழங்கப்படுகிறது. கொடுப்பவருக்கு விளங்கும் மொழியில் எழுதக்கூடியவரைத் தேடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டிவந்தால், ஒவ்வொரு பந்தியையும் தமிழில் விளக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

வாசித்து விளக்குவது சட்டம் விதித்த கடமை. நல்ல நொத்தாரிசு அதை எப்படிச் செய்வார் என்று காட்டுகிறேன். பக்கத்திலிருந்து மறுமொழி சொல்லும் மகளை முன்னறைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவிடம் கேட்பார்:

“அம்மா, இதில உங்கட மகளுக்கு என்ன உரிமை குடுக்கிறியள்?”

“வாடகைக் காசு எடுக்கிறதுக்குத் தம்பி.”

“வீட்டை விக்கிற உரிமையும் இதில எழுதிக் கிடக்கு. அதுவும் குடுக்கிறியளோ?”

“விக்கிறதோ? நான் இருக்கிற வீடெல்லே!”

இந்த இடத்தில் அந்தப் பந்தி வெட்டப்பட வேண்டும், தாள் புதிதாக அச்சிடப்பட வேண்டும். மகள் கெட்டவள் என்று இதற்குப் பொருளில்லை. மாதிரிப் பிரதியில் இருந்த பந்தி அது, அவளும் வாசித்திருக்க மாட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்காத நொத்தாரிசிடம் நீங்களே கேளுங்கள்: “இதை வைச்சு அவ என்னென்ன செய்யலாம்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ.”

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில், உதாரணமாக லண்டனில் ஹைட் பார்க் கார்டன்ஸிலுள்ள உயர்ஸ்தானிகராலயத்தில், கொன்சியூலர் அதிகாரி முன்னிலையில் கையொப்பமிடலாம். நேரம் ஒதுக்குவது, சாட்சிகள், கட்டணம் ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாசகத்தை இங்குள்ள நொத்தாரிசே தயாரித்து அனுப்புவது நல்லது. அட்டவணையில் ஓர் இலக்கம் பிழைத்தால் மறுபடி விடுமுறை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்கு ஓட வேண்டும். கையொப்பமான பத்திரம் இங்கு வந்ததும், பத்தரமுல்லை சுஹுறுபாயவிலுள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவில் அந்த அதிகாரியின் கையொப்பத்தை உறுதிப்படுத்திக்கொள்வது நடைமுறை. யாழ்ப்பாணத்திலும் அந்தப் பிரிவின் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது.

பிறகு பதிவு. தத்துவம் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்படும்போது அதற்குத் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் விழும். பின்னர் அற்றோணி கையொப்பமிடும் ஒவ்வோர் உறுதியிலும் இன்ன இலக்கத் தத்துவம், இன்ன தேதி, இன்ன நொத்தாரிசு, இன்ன பதிவு என்று அந்த விவரம் வர வேண்டும். வீடு வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். அற்றோணி ஒருவர் விற்கிறார் என்றால் பிரதியை மட்டும் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். பதிவைத் தேடிப் பாருங்கள், இரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தக்காரரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். சென்னையில் வீடு வாங்கும் கொழும்புக்காரருக்கு ஒரு வார்த்தை: விற்பனைப் பத்திரம் இல்லாமல் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து “வீடு இனி உங்களுடையது” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி உரிமை மாறாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அற்றோணி தன் சொந்தக் கையெழுத்தை வைத்து, இன்னாருடைய அற்றோணி என்று குறிப்பிட வேண்டும். கொடுத்தவரின் கையெழுத்தைப் போட்டுப் பழகுவது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடென்றாலும், போலிக் கையெழுத்தே. நீங்கள் அற்றோணியாக இருந்தால், ஒரு கொப்பி வைத்து வரவு செலவு எழுதுங்கள். சோலை வரி, பராமரிப்புக் கட்டணம், குழாய் திருத்திய கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள்.

ஒரு விடயத்தைக் கேட்கும்போது குடும்பத்தார் அதிர்ந்துபோகிறார்கள். அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, பிள்ளைகளையும் அடையாளம் தெரியவில்லை, “நல்லவேளை, முந்தியே பவர் எழுதி வைச்சிட்டம்” என்பார்கள். கொடுத்தவர் தன் காரியத்தைத் தானே விளங்கிக்கொள்ளும் ஆற்றலை இழந்தால், அவர் கொடுத்த சாதாரணத் தத்துவமும் வலுவிழக்கிறது. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனவாற்றல் சட்டத்தின் கீழ், 2007 ஒக்டோபர் தொடக்கம், மனவாற்றல் போன பிறகும் நீடிக்கும் தத்துவம் இருக்கிறது. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் ஒன்று. ஒன்டாரியோவிலும் 1992ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அப்படியே இரண்டு வகைக்கு இடம் கொடுக்கிறது. லண்டன் பிள்ளைகள் அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், மருத்துவச் சான்றோடு, ஆதனத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டியதுதான். முதியோர் நிறைந்த நம்முடைய சமூகத்துக்கு நீடிக்கும் தத்துவச் சட்டம் ஒன்று அவசரமாகத் தேவை. அது வரும்வரை, பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே வீட்டை யாருக்கு, எப்படி என்பதை, தேவையானால் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதும் நன்கொடை உறுதியாகவோ மரணசாதனமாகவோ முடிவு செய்வது நல்லது.

இரத்துச் செய்யும் படியைப் பலர் அரைகுறையாக விடுகிறார்கள். அற்றோணியைக் கூப்பிட்டு “இனி நீங்கள் பார்க்க வேண்டாம்” என்று சொன்னால் போதாது. நொத்தாரிசு முன்னிலையில் இரத்துப் பத்திரம் எழுதி, அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்து, அற்றோணிக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, மூலப்பிரதியைத் திரும்ப வாங்குங்கள். வங்கிக்கும் வாடகைக்காரருக்கும் தொடர்மாடியின் முகாமைக் குழுவுக்கும் கடிதம் கொடுங்கள். வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் அறிவித்தல் என்று ஒரு விளம்பரம் போடுவது வழமை. அதை வெட்டி, தேதி தெரிய, இரத்துப் பத்திரத்தோடு கோவைப்படுத்தி வையுங்கள். அற்றோணி முரண்டு பிடிக்கும் ஆளாக இருந்தால், ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தக் காணி பதியப்பட்டுள்ள காணிப் பதிவகத்தில் ஒரு கேவியற் பதிந்துவிடலாம். அந்தக் காணியைத் தொடும் எந்த உறுதி பதிவுக்கு வந்தாலும் உங்களுக்கு அறிவித்தல் வரும்.

தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த நாளோடு தத்துவமும் முடிகிறது. அடுத்த மாத வாடகையை அற்றோணி வாங்கக்கூடாது, பேசி முடித்த விற்பனைக்கும் அவர் கையொப்பமிடக்கூடாது. செத்த வீட்டுச் செலவுக்கு என்று வங்கியிலிருந்து எடுப்பதற்கும் அந்தக் கடதாசி உதவாது. இறப்பைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கும் வங்கிக்கும் அறிவித்து, வரவு செலவுக் கொப்பியையும் திறப்புகளையும் உறுதிகளையும் உரித்தாளர்களிடம் எழுத்தில் ஒப்படைத்து, அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்வதே அற்றோணியாக இருந்தவருக்கு மிஞ்சியிருக்கும் வேலை.